ஒடம்பு எப்படிங்க, டீச்சர்?

கண்ணு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கப் போவதில்லை. கொஞ்ச காலமாக யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு முதுகு சில்லிட்டுப் போகிறது. ஏன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் பாதி சொல்வதற்குள் "அம்மா, நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க, நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிடுவாய். நேரில் சொன்னால் உன் கண் கலங்கும், அதைப் பார்த்து எனக்கும் கலங்கும், பேச வந்தது போய்விடும். காலமெல்லாம் கரும்பலகையில் எழுதிய கை இது, எழுத்தில்தான் எனக்கு நிதானம் வரும். உன் அக்காவும் இதைப் படிக்கட்டும். நம் தெருவில் யார் படித்தாலும் சரி. கிழக்குத் தோட்டத்துக்காரர் கையில் கிடைத்து அவரே படித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை.

வருகிற புதன்கிழமை நீ மறுபடியும் கோயமுத்தூர் கோர்ட்டு வளாகத்தில், சமரச மையத்தில் போய் உட்காரப் போகிறாய். நம் தெருவின் சார்பில் நீ, எதிரில் கிழக்குத் தோட்டத்துக்காரர், நடுவில் பேசி முடித்துவைக்கும் அந்த வக்கீலம்மா. பேச வேண்டியது ஒரே விஷயம்தான். நம் தெருவிலிருந்து இடுகாட்டுக்குப் போகிற இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி வைத்த அந்த ஒற்றை வண்டித்தடத்தில்தான் நம் சனம் தலைமுறை தலைமுறையாகச் செத்தவர்களைத் தூக்கிக்கொண்டு போனது, இந்துக்களும் சரி, நம்மைப் போல வேதக்காரர்களும் சரி. அவர் கோழிப்பண்ணை கட்டிய பிறகு அதன் வாயில் ஒரு இரும்பு கேட் வந்தது, கேட்டுக்குப் பூட்டு வந்தது. அந்தத் தடம் நமக்குப் பாத்தியமா, இல்லை அவர் மனசு வைத்தால் கிடைக்கிற உதவியா என்பதுதான் வழக்கு.

சமரசமே வேண்டாம் என்று சொல்ல வருகிறேன் என்று நினைத்துவிடாதே. ஜட்ஜ் "முதலில் பேசிப் பாருங்கள்" என்று அந்த மையத்துக்கு அனுப்பியபோது தெருவில் பாதிப் பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். "மறுக்காவும் பேச்சுங்களா டீச்சர்?" என்று கேட்டார்கள். நான்தான் போகச் சொன்னேன். தீர்ப்பு வாங்கிவிடலாம். ஆனால் தீர்ப்புக்கு மறுநாளும் நம் தெருப் பெண்கள் அவர் பண்ணைக்குத்தான் தீனி போடப் போவார்கள், நாம் அவர் வேலியை ஒட்டித்தான் நடப்போம். இரண்டு பேரும் மனசு ஒப்பிக் கையெழுத்துப் போட்டால் அதற்கு ஒரு மரியாதை இருக்கும். முதல் நாள் போய்விட்டு வந்து நீ சொன்னாயே, மேடை இல்லை, கூண்டு இல்லை, ஒரே மேஜை, எல்லோருக்கும் ஒரே மாதிரி நாற்காலி என்று. உன் தாத்தா அந்தத் தோட்டத்து மாட்டுக் கொட்டகைக்கு இந்தப் பக்கம் நின்றேதான் காலம் முழுக்கப் பேசினார். அவர் பேரன் சரிக்குச் சரி உட்கார்ந்தான் என்று கேட்டு அன்றைக்கு ஜெபத்தில் நான் அழுதுவிட்டேன். தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிறார்களாம், அங்கே பேசியது வெளியே போகாதாம், பிடிக்காவிட்டால் எழுந்து வந்துவிடலாமாம். எல்லாம் நல்ல ஏற்பாடு. அந்த அறையில் யாருக்கு அவசரம், யாருக்கு அவசரமில்லை என்பதை மட்டும் நீ பார்க்காமல் விட்டுவிட்டாய். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

நீயும் உன் அக்காவும் பள்ளிக்கூடம் போகும் வயதில் வீட்டில் ஒரே சைக்கிள். யார் சைக்கிளில் போவது, யார் டவுன் பஸ்ஸில் இடிபடுவது என்று தினமும் சண்டை. பஸ் வரும் நேரத்துக்கு நான் நடுவில் நின்று நியாயம் பேசுவேன். அக்காவுக்கு மணி அடித்த பிறகு போய் நிற்பதென்றால் உயிரே போய்விடும். நீயோ, வெளியே முட்டி போட வைத்தாலும் போகிற வருகிற வண்டியை வேடிக்கை பார்க்கிற ஆள். அதனால் தினமும் அவள்தான் "செரி, அவனே எடுத்துக்கட்டும்" என்று விட்டுக்கொடுப்பாள். நான் உன் அப்பாவிடம், "புள்ளைக்கு எத்தன பக்குவம் பாருங்க" என்று பெருமையடித்துக்கொள்வேன். ஒருநாள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பி, "அம்மா, நாயம் பேசறதுன்னா ஞாயித்துக்கெழம பேசுங்க. பஸ் வர்ற நேரத்துல பேசுனா எப்பவும் நாந்தான தோக்கோணும்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். உன் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "டீச்சருக்கே பாடம் எடுத்துப்போட்டாளே" என்றார். அதற்கப்புறம் உங்கள் பஞ்சாயத்தெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்த பிறகுதான். பாதி நாள் நீதான் தோற்றாய், மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாய்.

இனி, நாம் இரண்டு பேரும் இன்றுவரை அதைப் பற்றி வாய் திறந்திராத அந்த நாளுக்கு வருகிறேன். உன் அப்பா போன நாள். சோமனூர் தறிக் குடோனில் ஷிப்ட் முடித்து வந்து படுத்தவர் விடிந்து எழுந்திருக்கவில்லை. கேட் போட்ட பிறகு நம் தெருவில் விழுந்த முதல் சாவு அதுதான். நல்ல சித்திரை வெயில். காலையிலேயே உன் சித்தப்பா போய் கேட்டைத் திறக்கச் சொன்னார். பண்ணை ஆள் பூட்டைப் பிடித்துக்கொண்டு, "குஞ்சு எறக்கி ரெண்டு நாள்தானுங்க ஆச்சு. கூட்டம் உள்ள வந்தா சீக்கு வந்துருமுங்க, கம்பெனிக்காரங்க எங்கள உடமாட்டாங்க" என்றான். தோட்டத்துப் பெரியவரைக் கேட்கணும் என்றான். பெரியவருக்குப் போன் போட்டால், பல்லடத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருக்கிறாராம். "வாரேனுங்க, வந்து பேசித் தீத்துக்கலாங்க" என்றார், எவ்வளவு தன்மையாக! அந்த 'வாரேன்' வந்து சேர மத்தியானம் தாண்டியது. அதற்குள் கரண்ட் போய்விட்டது. குளிர்பெட்டி நின்றுவிட்டது. நான் பெட்டியின் மேல் ஈரத்துணி போட்டு விசிறிக்கொண்டிருந்தேன். நீ கேட்டை எட்டி உதைக்க ஓடினாய், உன்னை ஆள் மாற்றி ஆள் பிடித்து வைத்திருந்தார்கள்.

அவர் வந்தார். வெள்ளை வேட்டி, கூப்பிய கை. "டீச்சர், கேட்டதும் மனசு தாங்கலீங்க" என்றார். அவர் அப்பா உன் தாத்தாவை 'ஏன்டா' என்று கூப்பிட்டவர், இவர் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுகிறார், சந்தோஷம்தான். இன்ஸ்பெக்டரும் வி.ஏ.ஓ.வும் வந்து சேர, வேப்பமரத்தடியில் பேச்சுவார்த்தை நடந்தது. அவர் ஒரு பைசா கேட்கவில்லை. ஒரே ஒரு வாக்கியம் கேட்டார். தடம் அவருடையது என்றும், இன்றைக்கு அவராக மனசு வைத்துத் திறந்துவிடுகிறார் என்றும் யாராவது நாலு பேர் முன்னால் சொன்னால் போதும், இப்போதே பூட்டைத் திறந்துவிடுவார். உன் சித்தப்பா பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இது எங்க பாத்தியம் இல்லீங்க. நீங்க மனசு வெச்சுத் தொறந்து உடறீங்க." அவருடைய ஆள் ஒருவன் அதைச் செல்போனில் படம் பிடித்தான். பொழுதோடு உன் அப்பாவை அடக்கம் பண்ணினோம். அன்றிலிருந்து உன் சித்தப்பா என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசுவதில்லை. நான் அவரைக் குறையே சொல்ல மாட்டேன். அந்த வெயிலில் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு யாராக இருந்தாலும் எதற்கும் தலையாட்டியிருப்பார்கள். நீ வழக்குப் போட்ட பிறகு, சமரச மையத்து முதல் அமர்வில் அந்தப் படத்தைத்தான் மேஜை மேல் வைத்து ஓடவிட்டார்கள் என்று நீ வந்து சொன்னாய்.

அந்த முதல் அமர்வுக்கு அடுத்த வாரம் அவர் நம் வீட்டுக்கு வந்தார். அந்த நாள் உனக்கு ஒரு திருநாள். உனக்கு லீவு, ஆர்.எஸ்.புரத்திலிருந்து என்னைப் பார்க்க வந்திருந்தாய். அவர் கையில் ஒரு சீப்புப் பூவன்பழம். வாசலில் செருப்பைக் கழற்றினார், உள்ளே வந்தார், உன் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தத் தோட்டத்து ஆள் யாரும் நம் வாசற்படி தாண்டியதே கிடையாது. தெருவே எட்டிப் பார்த்தது. "டீச்சர், ஒரு டீ கெடைக்குமுங்களா?" என்று அவராகவே கேட்டார். நம் சீமையில் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டால் பகை முடிந்தது. நனைக்காமல் எழுந்து போனால் என்ன பேசினாலும் ஒன்றும் முடியவில்லை. நீ ஓடிப்போய் டீ போட்டாய். சர்க்கரையை அள்ளிக் கொட்டி எடுத்து வந்தாய். அவர் முழு டம்ளரையும் குடித்தார். எனக்கும் ஒரு நிமிஷம் நெஞ்சு நிறைந்துதான் போயிற்று, பொய் சொல்ல மாட்டேன்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "ஒடம்பு எப்படிங்க, டீச்சர்?"

நான் வாய் திறப்பதற்குள் நீ சொல்ல ஆரம்பித்துவிட்டாய். கிட்னி போய்விட்டது, டயாலிசிஸ் ஓடுகிறது என்றாய். "வாரத்துல என்னென்ன கெழமைங்க?" என்று கேட்டார், சொன்னாய். "வேற கிட்னி வெக்கறாங்களே, அதுக்கு வழியில்லீங்களா?" என்றார். இருதயமும் பலவீனம், ஆபரேஷன் தாங்காது என்று டாக்டர் சொன்னதையும் சொன்னாய். "அப்ப ஆஸ்பத்திரிக்காரங்க என்னதான் சொல்றாங்க, கண்ணு?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். நீ தரையைப் பார்த்தாய். அவர் உன்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். பீரியட் முடிய எத்தனை நிமிஷம் இருக்கிறது என்று கடிகாரத்தைப் பார்க்கிற பிள்ளையை நான் எத்தனை பார்த்திருப்பேன்! எழுந்து போகும்போது, "அம்மாளுக்கு ஒண்ணும் கொற வெக்காம பாத்துக்கங்க" என்று உன் தோளைத் தட்டினார். உன் கண்ணில் தண்ணீர். "மனசு மாறிட்டாருங்கம்மா" என்றாய். நான் டம்ளரை எடுத்துக் கழுவினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நீயே அடுக்கிப் பார். அடுத்த அமர்வுக்கு முந்தின நாள் அவரே உனக்குப் போன் போட்டார். மகளுக்கு வளைகாப்பு, தேதி தள்ளி வைத்துக்கொள்ளலாமுங்களா? "அதுக்கென்னங்க, நல்ல காரியம்" என்றாய். அதற்கடுத்த முறை பண்ணையில் குஞ்சு இறக்குகிற நாள். அதற்கும் 'செரிங்க'. அதற்கடுத்து ஊர்க் கோயில் நோம்பி சாட்டியாயிற்று, நோம்பி முடியட்டும் என்றார். சாமி காரியத்துக்குக் குறுக்கே நிற்கலாமா, அதற்கும் 'செரிங்க'. சமரச மையத்தில் பேசி முடிக்க ஒரு கெடு உண்டு, இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் அதை நீட்டலாம் என்று நீதான் எனக்கு விளக்கினாய். அந்த வக்கீலம்மா ஒவ்வொரு தடவையும் "உங்களுக்குச் சம்மதமா?" என்று உன்னைக் கேட்டுத்தான் நீட்டியிருக்கிறார், நீயும் தலையாட்டியிருக்கிறாய். நல்லது கெட்டதைச் சொல்லி ஒருவர் தன்மையாகக் கேட்டால் நம் வாயில் 'முடியாது' என்ற சொல் வராது. அப்படித்தான் உன்னை வளர்த்தேன், நம் ஊரும் அப்படித்தான். அவருக்கு அது நன்றாகத் தெரியும்.

ஒவ்வொரு தடவை தள்ளிப்போடுவதற்கு முன்னாலும் யாராவது வந்து என் உடம்பை விசாரித்துவிட்டுப் போகிறார்கள். ஒரு தடவை அவர் மனைவி ராகி மாவு கொண்டுவந்தார். ஒரு தடவை பண்ணை மேனேஜர், ஆஸ்பத்திரிக்குப் போகிற என் காரை நிறுத்தி, கண்ணாடி வழியாகக் குனிந்து என் காலைப் பார்த்தார். கால் வீங்கியிருக்கிறதா என்று பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது, சேலையை இழுத்து மூடிக்கொண்டேன். டயாலிசிஸ் கட்டிலிலேயே நான் மயங்கிப் போய் அங்கேயே என்னைப் படுக்க வைத்துக்கொண்டார்களே, அதற்கு மறுநாள் காலையில் இட்டேரி முகப்பில் ஒரு லாரி வந்து வேலிக்கல்லை இறக்கியிருக்கிறது. பக்கத்து வீட்டம்மா வந்து சொன்னாள். கல்லோடு கம்பிச் சுருளும் வந்ததாம், குழி தோண்ட ஆளும் வந்து நின்றதாம். சாயங்காலம் நான் காரில் வந்து இறங்கியதும் ஆள் போய்விட்டார்கள். கல் மட்டும் அங்கேயே கிடக்கிறது. தற்செயலாக இருக்கலாம், இருக்கட்டும். ஆனால் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அந்தக் கல் அடுக்குதான் தெரிகிறது, ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துக்கொண்டேதான் சோறு வடிக்கிறேன்.

அந்தப் பக்கம் அப்படியென்றால் நம் பக்கம் என்ன வாழ்கிறது என்று கேள். போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வரும்போது நம் தெரு இளவட்டங்கள் என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். எல்லாம் என்னிடம் அ, ஆ படித்த பிள்ளைகள். அதில் ஒருவன் என் கையைப் பிடித்துக்கொண்டே, "டீச்சர், நீங்க ஒண்ணுக்கும் பயப்படாதீங்க. உங்களுக்கு ஒண்ணுன்னா நாங்க அந்தக் கேட்டை ஒடச்சுத்தான் தூக்கிட்டுப் போவோம். கடப்பாரையெல்லாம் ரெடியா இருக்குதுங்க" என்றான். பாசத்தில்தான் சொன்னான். அவன் முகத்தைப் பார்த்தேன், உன் அப்பா செத்த அன்றைக்கு உன் முகம் இருந்த மாதிரியே இருந்தது. பார்த்தாயா கண்ணு, என் சாவுக்கு இரண்டு பக்கமும் எல்லாம் தயாராக இருக்கிறது, அங்கே கல், இங்கே கடப்பாரை. நான் ஒருத்திதான் இன்னும் தயாராகாமல் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படியே விட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஒரு காலையில் நான் எழுந்திருக்க மாட்டேன். கேட் பூட்டியிருக்கும், கல் நட ஆரம்பித்திருப்பார்கள். அவர் எங்கேயோ ஒரு கல்யாணத்தில் இருப்பார், 'வாரேனுங்க' என்பார். வெயில் ஏறும். பையன்கள் கடப்பாரையை எடுத்தால் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை ஜெயிலுக்குப் போவான், இல்லை அதைவிட மோசமாக ஏதாவது நடக்கும், அதை எழுத என் கை வரவில்லை. எடுக்காவிட்டால் மறுபடியும் வேப்பமரத்தடி, மறுபடியும் அந்த வாக்கியம். இந்த முறை அதைச் சொல்ல வேண்டியவன் நீ. வழக்குப் போட்டவன், படித்தவன், தெருவுக்காகப் பேச வந்தவன், என் பெட்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டு உன் வாயால் "எங்க பாத்தியம் இல்லீங்க" என்று சொல்வாய். அதோடு கேஸும் முடிந்தது, தெருவும் முடிந்தது. நீயும் உன் சித்தப்பா மாதிரி காலம் முழுக்க யார் முகத்தையும் பார்க்க மாட்டாய். அதற்குத்தான் அவர் காத்திருக்கிறார். அவர் ஒன்றும் ராட்சசர் இல்லை, கண்ணு, சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்று தெரிந்துகொண்டவர். தெருவில் வேறு யாரும் சாக மாட்டார்களா என்று கேட்பாய். எல்லோரும்தான் போகணும். ஆனால் எப்போது என்று கொஞ்சமாவது கணக்குப் போட முடிகிற சாவு என்னுடையது ஒன்றுதான், அதுவும் பேச வந்தவனுடைய அம்மாவின் சாவு.

இதை நினைத்து நினைத்து எனக்குக் கோபம்தான் வந்தது, அழுகை வரவில்லை. என் உடம்பை வைத்து அவர் பேரம் பேசுகிறார் என்றால், அந்த உடம்பை நானே எடுத்துவிட்டால் என்ன? போன மாதம் அக்கா பெங்களூரிலிருந்து வந்திருந்தாளே, அவளைக் கூட்டிக்கொண்டு மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். உடல் தானம் எழுதிக் கொடுத்தேன். நான் போன பிறகு அவர்கள் வண்டி தார் ரோட்டு வழியாக நம் வாசலுக்கு வரும், என்னை ஏற்றிக்கொண்டு அதே தார் ரோட்டில் போகும். இட்டேரிப் பக்கமே திரும்பாது. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குச் செத்த பிறகும் நான் டீச்சர். போதகரிடம் சொன்னேன், அவர் கொஞ்சம் திகைத்தார். "கடைசி நாளில் எல்லோரும் கல்லறையிலிருந்து எழும்பும்போது நீங்கள்?" என்றார். "நான் மெடிக்கல் காலேஜிலிருந்து எழும்பி பஸ் பிடித்து வருகிறேன் ஐயா, கர்த்தருக்கு ரூட் தெரியாதா" என்றேன். அவர் சிரித்துவிட்டு எனக்காக ஜெபம் பண்ணினார்.

சிரித்துச் சொல்கிறேனே தவிர, எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. உன் அப்பாவின் பக்கத்தில் இடம் விட்டுத்தான் சிலுவை நட்டோம். பெட்டி தூக்க முடியாத ஒற்றை வரப்பில் சுற்றிப் போய், அந்த இடத்தில் நானே அரளி வைத்து, தண்ணீர் சுமந்து ஊற்றியிருக்கிறேன். அவருக்கு இடது பக்கம் படுத்தே பழக்கப்பட்டவள் நான். எனக்கு அங்கேதான் போகணும் கண்ணு, வேறு எங்கேயும் போக எனக்கு இஷ்டமில்லை. அதனால் அந்தத் தாளை இன்னும் முடிக்கவில்லை. வாரிசுகள் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். அக்கா போட்டுவிட்டாள், அழுதுகொண்டேதான் போட்டாள். உன் இடம் காலியாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்து போட்டுவிட்டுப் போ. போட்டுவிட்டுத்தான் புதன்கிழமை அந்த மேஜைக்குப் போகணும்.

அங்கே போய் முரட்டுத்தனம் பண்ணாதே. அவர் பக்கத்து நியாயத்தை மனசாரக் கொடு. வெடி போட்டால் கோழி மிரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சாகும், அது உண்மையான பயம். இட்டேரிக்குள் வெடி கிடையாது, பண்ணையைத் தாண்டுகிற வரை தப்பட்டை அடிக்க மாட்டோம் என்று எழுதிக் கொடு. மருந்துத் தண்ணீர் தெளித்துவிட்டு உள்ளே வா என்றால் தெளித்துக்கொள்ளலாம், ஆஸ்பத்திரியில் செய்வதில்லையா? பண்ணைப் பக்கம் அவர் வலை கட்டினால் நம் ஆட்களும் கூட நின்று கட்டிக்கொடுக்கட்டும். ஆனால் பூட்டுச் சாவி ஒன்று நம் தெருவில் இருக்கணும், எழுதுகிற தாளில் 'பாத்தியம்' என்ற சொல் இருக்கணும். இந்த இரண்டுக்கும் அவர் ஒத்துக்கொண்டால் நீ எழுந்து போய் அவர் வீட்டில் கை நனைத்துவிட்டு வா, நான் சந்தோஷப்படுவேன். ஒத்துக்கொண்டு, அது கோர்ட்டில் பதிவாகி, சாவி நம் கைக்கு வந்த அன்றைக்கு அந்தத் தானத் தாளை நீயே கிழித்துப்போடு. என்னை உன் அப்பாவிடம் கொண்டுபோய்ச் சேர். மறுபடியும் தேதி தள்ளலாமா என்று கேட்டால், அந்த வக்கீலம்மா உன் முகத்தைப் பார்க்கும்போது, சம்மதமில்லை என்று சொல். மரியாதையாகவே சொல்லலாம். "இல்லீங்க" என்பதற்கும் நம் ஊரில் 'ங்க' இருக்கிறது.

பேச்சுக்கு நடுவில் அவர் வழக்கம்போல மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து உன் பக்கம் குனிவார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மாளுக்கு ஒடம்பு எப்படிங்க?" என்பார். நீ தரையைப் பார்க்காதே. காலையில் என்ன சாப்பிட்டேன், கால் வீங்கியிருக்கிறதா, டாக்டர் என்ன சொன்னார் என்று ஒன்றையும் சொல்லாதே. உடல் தானத்தை மட்டும் சொல். கையெழுத்தெல்லாம் ஆகிவிட்டது, அம்மா அந்த இட்டேரிப் பக்கம் வரமாட்டார்கள் என்று சொல். அவர் காலண்டரைத் தேடுவார், கவனித்துக்கொள். அப்புறம் அவர் கண்ணைப் பார்த்துச் சொல்:

"அம்மாவுக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க."

உன் அம்மா